அம்மா பிழைத்த விதம்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். கடவுள் நம்பிக்கை உண்டா? முப்பது வயதில் நாவலாசிரியை அதற்கு "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னாள். நாற்பதில், மௌனமாக அமர்ந்து தியானிக்கும் ஒரு குழுவில் சேர்ந்து, அதையும் விட்டு வெளியே வந்த புதிதில், "இருந்தது, போனது, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று" என்றாள். பேட்டி கண்டவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு தலைப்பாகவே போட்டுவிட்டார். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவள் சொல்வது வேறு. எந்த வழிபாட்டு இடமாக இருந்தாலும் சரி, கதவு திறந்திருந்தால் உள்ளே போய், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருகிறாள். அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது.

மூன்று பதில்களும் அந்தந்தக் காலத்தில் உண்மை. நம்பிக்கைகள் வாடகைக்கு வந்தவர்கள் மாதிரி வந்து போனாலும், கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லும் பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அதனால் இழந்தவையும் உண்டு. கல்யாணமான சில வருடங்களில் கணவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "உனக்கு என்மேல உண்மையிலேயே பிரியம் இருக்கா?" என்று கேட்டார். அவள் யோசித்தாள். யோசித்து முடித்துவிட்டு இருக்கிறது என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த யோசனை நேரம் முழுக்க அவர் கையில் பிசைந்த சோற்றோடு உட்கார்ந்திருந்தார். பிரிந்தபோது அதைத்தான் சொல்லிக்காட்டினார்.

இந்தப் பழக்கம் அவளுக்கு வந்தது அப்பாவின் வீட்டிலிருந்து.

வீட்டின் முன்பக்கம் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் படச் சட்டத்துக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது அப்பாவின் தொழில். அதே தெருவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அவர் மூப்பராக இருந்த சிறிய சபையின் கூடம். எந்தப் பெரிய மதத்தின் எந்தக் கிளை என்று வெளியாட்கள் கேட்டால் சபைக்காரர்களே கொஞ்சம் தடுமாறுவார்கள். ஆனால் தாங்கள் என்ன செய்ய மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். மருந்து சாப்பிட மாட்டார்கள். நோய் வந்தால் ஆண்டவரிடம் சொல்வார்கள், காத்திருப்பார்கள். பேச்சுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. அதை அப்பா கண்ணாடியில் கோடு கீறும்போதுகூட முணுமுணுப்பார்: "நடந்ததைச் சொல்லு. நடக்காததைச் சொல்லாதே. கேக்காததைச் சொல்ல வேண்டாம்." மூன்றாவது வரி ஊர்வம்பைத் தடுப்பதற்காக வந்தது. அது வேறு எதற்குப் பயன்படும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

கதைப் புத்தகம் நடக்காததைச் சொல்வது. ஆகவே வீட்டில் கதைப் புத்தகம் இல்லை. ஆனால் கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க நடுவில் பழைய செய்தித்தாள் வைப்பார்கள். அந்தத் தாள்களில் தொடர்கதைகள் வரும், முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல். வீட்டின் சின்னவளான அவள் கடையின் மூலையில் குந்தி அவற்றைப் படித்துவிட்டு, படுக்கையில் அக்காவிடம் மீதியைச் சொல்வாள். அக்கா அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். "இது பேப்பர்ல இருந்துச்சா?" என்பாள். இல்லை என்றால், "அப்ப சொல்லாதே" என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே, "சரி, அந்தப் பொண்ணு ரயில் ஏறினாளா இல்லையா?" என்பாள். சின்னவள் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் வக்கீலம்மா. அக்காவுக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லை. யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளைக்கு எதற்குப் பட்டப்பெயர்?

அம்மாவுக்கு இருமல் வந்தது. முதலில் தூசி என்றார்கள். பிறகு அம்மா இளைத்தாள். துணியில் ரத்தம் பட ஆரம்பித்தபோது சபை முழுவதும் உபவாசம் இருந்தது. அப்பா கடையைப் பாதி நாள் மூடிவிட்டுக் கூடத்தில் முழந்தாளிட்டுக் கிடந்தார். அவர் நடிக்கவில்லை, அவர் முழங்கால் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. அக்கா அந்தப் புண்ணையும் பார்த்தாள், அம்மாவின் துணியையும் பார்த்தாள். ஒருநாள் சளியை ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் எடுத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனாள். காசநோய் என்றார்கள், பல மாதங்கள் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள்.

மருத்துவமனை சின்னவளின் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கட்டடம். நர்ஸ் பொட்டலம் கட்டிக் கொடுத்ததை அவள் ஜாமெட்ரி பெட்டிக்குள் வைத்து எடுத்து வருவாள். அக்கா வாங்கி, அப்பா கூடத்துக்குப் போன நேரம் பார்த்து, அம்மாவின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுப்பாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். என்ன இது என்று அம்மா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காததால் அக்காவும் சொல்லவில்லை.

அம்மா தேறினாள். அப்பா கூடத்தில் எழுந்து நின்று, ஜெபத்தால்தான் குணமானாள் என்று சாட்சி சொன்னார். "ஒரு மாத்திரைகூட அவ வாய்க்குள்ள போகல" என்றபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. கூடம் முழுவதும் அழுதது. பன்னிரண்டு வயதுச் சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சாட்சியைக் கேட்டுப் பல குடும்பங்கள் சபையில் சேர்ந்தன. சாட்சி சொன்ன அன்று மாலை சின்னவள் வழக்கம்போல முழந்தாளிட்டாள். சொற்கள் வழக்கம்போல வந்தன. ஆனால் தொலைபேசியில் எதிர்முனை அறுந்துபோனது தெரியாமல் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தெரிந்ததும் வருகிற கூச்சம் அவளுக்கு வந்தது. கல்லூரிக்கு வெளியூர் போகும்வரை அந்தக் கூச்சத்தோடுதான் முழந்தாளிட்டாள். அவள் நம்பவில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அம்மா அதற்குப் பிறகு பல வருடங்கள் இருந்தாள். அம்மா போனாள், பின்னால் அப்பாவும் போனார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையை எடுத்து நடத்தினாள். வாரம் ஒருநாள் சபைக் கூட்டம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் பாடமும் சொல்லிக் கொடுத்தாள். இருபது வயதுக்குச் சற்று மேல் இருக்கும்போது தொடங்கிய வேலை அது. அவளிடம் படித்தவர்கள் பின்னாளில் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பாட வரிசையில் "மூப்பரின் மனைவி குணமான சாட்சி" என்று ஒன்று உண்டு. அந்தப் பாடம் வரும்போது மட்டும் வேறு யாராவது எடுக்கட்டும் என்று அக்கா ஒதுங்கிக்கொள்வாள். சொந்த அம்மாவைப் பற்றித் தானே பெருமை பேசக் கூடாது என்ற அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நாவலாசிரியை தன் ஐந்தாவது நாவலில் இதை எழுதினாள். கண்ணாடிக் கடை கடிகாரக் கடையாயிற்று. மற்றதெல்லாம் அப்படியே. அக்காவைப் பெருமைப்படுத்த வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். ஒரு சபையே மண்டியிட்டுக் கிடந்தபோது ஒரே ஒருத்தி எழுந்து மருத்துவமனைக்கு நடந்தாள், அதை உலகம் தெரிந்துகொள்ள வேண்டாமா? அச்சுக்குப் போகும் முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அக்கா வேண்டாம் என்றிருப்பாள். அது தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், அப்போது மூப்பராக இருந்தவரின் மருமகள், அந்த நாவலைப் படித்தாள். நம்ம ஊர் எழுத்தாளர் என்ற பெருமையில் நாலு பேருக்குக் கொடுத்தாள். புத்தகம் கை மாறி மூப்பரிடமே வந்து சேர்ந்தது. மூப்பர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மென்மையானவர். ஆனால் அந்தப் பழைய சாட்சியால் சபைக்கு வந்த குடும்பங்கள் அவரைச் சும்மா விடவில்லை. எதை நம்பி வந்தோம் என்று கேட்டார்கள். அவர் கூட்டத்தில் அக்காவை எழுப்பி, தப்பிக்க வழிவிட்டே கேட்டார்: "இது கற்பனைதானேம்மா?"

அக்கா சொன்னாளாம், "கடிகாரக் கடை கற்பனை ஐயா. மாத்திரை நிஜம்."

இதை நாவலாசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னது அந்த மருமகள்தான், அழுதுகொண்டே. அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பார்களாம். சபையைவிட்டு நீக்க மாட்டார்கள், ஆனால் பிள்ளைகளின் வகுப்பு அக்காவுக்கு இனி இருக்காது. "அவங்களுக்கு வேற என்ன இருக்குக்கா?" என்றாள் மருமகள்.

நாவலாசிரியை கூட்டத்தன்று காலையில் ஊருக்கு பஸ் பிடித்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நாவலில் சிக்கிக்கொண்ட பாத்திரத்தை வெளியே எடுக்கும் முறையிலேயே யோசித்தாள். மாத்திரை நிஜம் என்று அக்கா சொல்லிவிட்டாள், அதை மாற்ற முடியாது. ஆனால் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையில் மாத்திரை யார் கையில் இருந்தது? பஸ் ஊருக்குள் நுழையும்போது அவளிடம் ஒரு பொய் தயாராகிவிட்டது, எந்தப் பக்கமும் பிசிறில்லாமல்.

அக்கா கடையில் இருந்தாள். யாரோ அவசரமாகக் கேட்ட ஒரு ஜன்னல் கண்ணாடி. மேஜையில் பழைய கம்பளம் விரித்து, அதன்மேல் கண்ணாடியைக் கிடத்தி, அளவுக் கட்டையை வைத்து, கண்ணாடி அறுக்கும் சக்கரக் கத்தியை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பில் கோடு போட்டாள். அடியில் லேசாகத் தட்டி இரண்டு கையாலும் பிடித்து மடக்கினாள். சுத்தமாக உடைந்தது. பிறகுதான் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"வா வக்கீலம்மா. வாதாட வந்தியா?"

நாவலாசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தைப் படித்தாயா என்று கேட்டாள்.

"முழுசாப் படிச்சேன். நடுவுல ரெண்டு அத்தியாயம் தூக்கம் வந்துச்சு. அப்பாவுக்குப் போய் கடிகாரக் கடை வச்சுக் குடுத்திருக்கியே. அந்த மனுஷன் ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருக்காரா?"

கோபம் இல்லையா என்று தங்கை கேட்டாள். அக்கா கண்ணாடியின் விளிம்பை சாணைக்கல்லால் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். எதிரில் இருப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய யோசனைதான், அந்த வீட்டுப் பெண்கள் இருவருக்கும் அதே வழக்கம். "வருத்தம் இருக்கு. கோபம் இல்ல. நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லையே, நடந்ததுதானே?" என்றாள். பிறகு, பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டு ஒன்று பாதியில் நிற்கிறது, அதை யார் முடிப்பார்களோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூட்டத்துக்குத் தானும் வருவதாகத் தங்கை சொன்னாள். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும்.

கூடம் அதே கூடம்தான். புதிதாக மின்விசிறிகள் வந்திருந்தன, முன்வரிசையில் முதியவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பின்னால் பாய்களில் பிள்ளைகள் தங்கள் வகுப்புக்காகக் காத்திருந்தார்கள். மூப்பர் விஷயத்தைச் சொல்லத் தொடங்கும்போது நாவலாசிரியை எழுந்து, வெளியாள் பேச அனுமதி உண்டா என்று கேட்டாள். அவளை யாரும் வெளியாளாக நினைக்கவில்லை என்று மூப்பர் சொன்னார். அவள் கூடத்தின் நடுவுக்கு வந்து நின்றாள். பிறகு ஆரம்பித்தாள்.

தன் அக்கா மருத்துவமனைக்குப் போனது உண்மை, மாத்திரை கொடுத்ததும் உண்மை என்றாள். ஆனால் பன்னிரண்டு வயதில் தான் மிகுந்த பக்தியுள்ள பெண். அப்பாவின் ஜெபத்துக்குக் குறுக்கே மருந்து வருவதைப் பொறுக்காமல், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். பொட்டலத்தில் அதே அளவில், அதே நிறத்தில் மிட்டாய்களை வைத்துக் கொடுத்தாள். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. நாவலில் அதை எழுதத் தைரியம் வரவில்லை. "அம்மா சாப்பிட்டது வெறும் மிட்டாய்தான். அப்பா சொன்ன சாட்சி பொய்யில்லை."

அவள் ஐந்து நாவல்களில் எழுதியது எதையும் மனிதர்கள் இவ்வளவு தாகத்தோடு கேட்டதில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அது நிஜந்தான்" என்று முணுமுணுத்தார். அவர் அந்தச் சாட்சியைக் கேட்டு வந்தவர். தன் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து கொடுக்காமல் காத்திருந்தவர். மகன் பிழைக்கவில்லை. அது நாவலாசிரியைக்கு அன்றுவரை தெரியாது, மருமகள் பின்னால் சொல்லித்தான் தெரிந்தது. மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்கு மேல் இந்த விஷயத்தில் பேச எதுவும் இல்லை என்று நினைப்பதாகச் சொன்னார். யாரும் அக்காவை எதுவும் கேட்கவில்லை.

அக்கா எழுந்தாள்.

"ஐயா, என்னை யாரும் கேக்கல. ஆனாலும் சொல்லிடறேன். என் தங்கச்சி சொன்னது நடக்கல."

மூப்பர் மிகவும் தாழ்ந்த குரலில், உனக்கே தெரியாமல் நடந்திருக்கலாம் இல்லையா அம்மா என்றார். அவர் மன்றாடினார் என்றே சொல்ல வேண்டும்.

"அந்த மாத்திரை சாப்பிட்டா ஒண்ணுக்கு சிவப்பாப் போகும் ஐயா. அம்மாவுக்கு அத்தனை மாசமும் அப்படித்தான் போச்சு. படுக்கைத் துணியை அப்பா கண்ணுல படாமத் துவைச்சுக் காயப்போட்டது நான். மிட்டாய் தின்னா அப்படிப் போகாது."

பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் சிலர் சிரித்துவிட்டார்கள். அக்கா திரும்பி அவர்களைப் பார்த்தாள். உடனே அடங்கினார்கள். அவள் பார்த்தால் அடங்குவது அவர்களுக்குப் பழக்கம்.

அன்றைய வகுப்பை மருமகள் எடுப்பாள் என்று முடிவாயிற்று. அதற்கடுத்த வாரங்களைப் பற்றி யாரும் பேசவில்லை, பேச வேண்டியிருக்கவும் இல்லை.

சகோதரிகள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கடையின் கதவு பாதி திறந்திருந்தது. நாவலாசிரியை மேஜைக்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது, தன்மேலா அக்காமேலா என்று பிரிக்க முடியாத ஆத்திரம்.

"ஏன்க்கா? உன்னை யாரும் கேக்கலையே. கேக்காததைச் சொல்ல வேண்டாம்னுதானே?"

அக்கா தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னிக்கும் யாரும் கேக்கல. அப்பா அழுதுகிட்டே சொல்றாரு, நான் வாய மூடிட்டு உக்காந்திருக்கேன். நீ என் மூஞ்சியவே பாத்த. அதுக்கப்புறம் நீ ஜெபம் பண்றப்ப உன் வாய்தான் அசைஞ்சுது. பக்கத்துல படுத்திருக்கறவளுக்கு அது தெரியாதா? நீ ஊர விட்டுப் போனது படிக்கறதுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னிக்கு நீ எனக்காகப் பொய் சொல்ற. நான் மறுபடியும் தரையப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? உன்கிட்ட மிச்சம் இருந்தது, உள்ளதைச் சொல்ற அந்த ஒண்ணுதான். அதையும் நான் வாங்கிக்கணுமா?"

 நாவலாசிரியை தன் வாழ்வில் நம்பிக்கை வந்து போன பாதையைப் பற்றிப் பேட்டிகளில் நிறையப் பேசியிருக்கிறாள். படித்த படிப்பு, பார்த்த துயரம், சிந்தனை என்று காரணங்கள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பட்டியலில் அக்கா இருந்ததில்லை. அவள் நாவலில் அக்கா தைரியசாலி. முப்பது வருடங்களுக்கு மேலாகத் தங்கையின் நம்பிக்கை போனதற்குத் தானே காரணம் என்று சுமந்துகொண்டு, அதற்கு ஈடாக ஊரார் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த ஒருத்தியை அவள் எழுதவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

"கேட்டுடறேன்" என்றாள் அக்கா. "இத்தனை வருஷமாக் கேக்கல. நீ விட்டது என்னாலதானே?"

அரை மணி நேரத்துக்கு முன்தான் அவள் ஒரு கூடம் நிறைந்த மனிதர்களிடம் தடங்கலில்லாமல் பொய் சொன்னாள். இப்போது வேண்டியது அதைவிடச் சின்னப் பொய், ஒரே சொல். இல்லக்கா என்று சொன்னால் போதும். அக்கா அதை நம்பக்கூடச் செய்திருப்பாள். நம்ப விரும்பித்தான் கேட்டாள். நாவலாசிரியை வாயைத் திறந்தாள். அப்பாவின் வீட்டில், அப்பாவின் மேஜைக்கு முன்னால், கேட்ட கேள்வி எதிரில் நின்றது.

"ஆமா" என்றாள்.

அக்கா தலையசைத்தாள். பாரம் இறங்கியதா ஏறியதா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பிற்பாடு, அக்கா இல்லாமல் போன பிறகும், நாவலாசிரியை அந்த ஒரு சொல்லை எத்தனையோ விதமாகத் திருத்திப் பார்த்திருக்கிறாள். தன் எழுத்து மேஜையில் கிடந்த எந்தத் தாளையும்விட அதைத்தான் அதிகமாகத் திருத்தினாள். "ஆமா, ஆனா" என்று ஆரம்பித்திருக்கலாம். எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

கூடத்திலிருந்து பிள்ளைகளின் பாட்டு தெருவைத் தாண்டி வந்தது. பாதியில் நின்றிருந்த அந்தப் புதுப் பாட்டு. மருமகள் அவசர அவசரமாகப் பாடவைத்தாள். சின்னக் குரல்கள் வரியின் கடைசியை எட்டுவதற்கு முன்னாலேயே அடுத்த வரி ஆரம்பித்துவிட்டது.

அக்கா மேஜையின்மேல் கையை ஊன்றியபடி நின்று கேட்டாள். ஒரு விரல் கம்பளத்தின்மேல் மெதுவாக, அவர்களைவிட மெதுவாக, தாளம் போட்டது.

"ரொம்ப வேகம்" என்றாள். "முன்னாடி உக்காந்திருக்கறதுங்க சின்னதுங்க. மூச்சு பத்தாது."

போய்ச் சொல்லவா என்று தங்கை கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் அக்கா. "அவளாக் கத்துப்பா."

பாட்டு முடியும்வரை அந்த விரல் தன் தாளத்தையே போட்டுக்கொண்டிருந்தது.